படுத்துச் சுடுபவர் சிக்கல்: பச்சைச் சிப்பாய்கள் குறித்து ஓர் ஆய்வு

பிளாஸ்டிக் பையில் அடைத்து விற்கப்படும் அமெரிக்கப் பச்சைப் பொம்மைச் சிப்பாய்களை அறிஞர் உலகம் இதுவரை முறையாக ஆராயவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

இவர்களின் முன்னோர் ஈய வம்சத்தவர். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் ஒரு சிக்கன வழி கண்டார். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவிலுள்ளதைத் திரும்பக் கொட்டிவிடுவது. சிப்பாய் உள்ளே காலி, விலையும் இறங்கியது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் இவர்களை வைத்துப் போராடும் விதிகளைத் தனி நூலாகவே வெளியிட்டார். மறு ஆண்டே பெரியவர்கள் விதியில்லாமல் தொடங்கிவிட்டார்கள். 1938இல் அமெரிக்காவில் பெர்கன் கம்பெனி பிளாஸ்டிக் சிப்பாயைக் கொண்டுவந்தது. ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு என்ற அச்சம் வலுக்க, 1966இல் பிரிட்டன்ஸ் நிறுவனமும் ஈயச் சிப்பாய்களைக் கைவிட்டது. பிளாஸ்டிக்குக்கு வண்ணம் பூசும் கூலியும் மிச்சம்: பச்சை, உருகும்போதே கலந்துவிடுகிறது.

தொல்காப்பியப் புறத்திணைகளை இப்படைக்குப் பொருத்திப் பார்த்தோம். வெட்சி இல்லை, கவர வேண்டிய ஆநிரை தனிப் பாக்கெட்டில் விற்கிறது. வஞ்சியும் இல்லை, கால்கள் தட்டோடு ஒட்டியிருக்க, எங்கே படையெடுப்பது? நேருக்கு நேர் மோதும் தும்பை உண்டு. ஆனால் மலிவுப் பையில் பச்சையும் பழுப்பும் ஒரே அச்சில் பிறந்தவை என்பதால் அது பங்காளிச் சண்டையே. காஞ்சிக்கு மட்டும் குறைவில்லை. பூதக்கண்ணாடியும் உச்சிவெயிலும் நிலையாமையை நன்றாகவே கற்பிக்கின்றன.

வீரத் தோரணை என்று நாம் மயங்குவதும் அச்சின் வசதிதான். இரு பாக எஃகு அச்சு நேராகப் பிரிந்தாக வேண்டும். ஆகவே துப்பாக்கி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கைகால்கள் பக்கவாட்டில் விரிகின்றன.

இனி மையச் சிக்கல். இப்படையில் மரணம் என்பது சாய்தல். கோலி பட்டுச் சாய்ந்தவர் செத்தார். நிமிர்த்தி வைத்தால் பிழைத்தார். பாட்டரி வேண்டாம், பழுதுபார்க்க ஆள் வேண்டாம். இவர்கள் நீடித்திருப்பதற்கு அடித்தட்டே காரணம் என்பது எம் கருதுகோள். ஆனால் ஒவ்வொரு பையிலும் குப்புறப் படுத்துச் சுடுபவர் ஒருவர் இருக்கிறார். ஏற்கெனவே படுத்திருப்பவரைச் சாய்ப்பது எப்படி? கோலி பட்டால் நகர்கிறார், அவ்வளவே. கண்ணிவெடி தேடுபவரும் வயர்லெஸ்காரரும் மாண்டபின் களத்தில் எஞ்சுபவர் இவரே.

வியட்நாம் போரின் கசப்பில் அமெரிக்காவில் போர்ப் பொம்மைகளின் மவுசு சரிந்தது. படை அதையும் தாண்டியது. 1995இல் 'டாய் ஸ்டோரி' படத்தில் நடித்தது; 2014இல் ரோச்செஸ்டர் நகரில் உள்ள தேசியப் பொம்மைப் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றது. பெண் சிப்பாய்கள் ஏன் இல்லை என்று ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டு எழுத, பி.எம்.சி. டாய்ஸ் நிறுவனம் 2020இல் அவர்களையும் வார்த்தது. எமக்குத் தோன்றாத கேள்வி அது.

பரிந்துரை: படுத்துச் சுடுபவர் மூன்று அடி பட்டால் செத்தார் என்று போருக்கு முன்பே இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்க. எழுத்தில் இருப்பது நலம். அண்ணன்மார் வாய்வார்த்தையை மதிப்பதில்லை.