கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால தலை இழுக்காத

கலியாணக் கூறை எடுக்கச் சென்னைக்குப் போறியளாம், மோனே. நல்லது. திருக்கோணமலைச் சீனன்குடாவில வேலிக்கு அங்கால விமான ஓடுபாதை கிடக்க, பலாலி மட்டும் வானில குலுங்கிப் போய் அங்கயிருந்து பறக்கிற சாதி நாங்கள். அதுவும் ஒரு யோகந்தான். கூறை எடுக்கிற விசயத்தில உன்னை ஒருத்தரும் அபிப்பிராயம் கேக்கப்போறேல்லை. மாமிமார் நாலு பேர் கடைக்குள்ள இறங்கினா மாப்பிள்ளைக்கு ரெண்டே வேலை: பை தூக்கிறது, தலையாட்டிறது. ரெண்டையும் சங்கையா முடிச்சுப்போட்டு அடுத்த நாள் முட்டுக்காட்டுக்குப் போ. சென்னையிலயிருந்து தெற்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில 25 கிலோமீற்றர் அளவில தட்சிணசித்ரா எண்டு ஒரு நூதனசாலை இருக்கு. பக்கத்தில கிடக்கிற கடல் எங்கட கடல்தான். அதால அதுக்கு முன்னால நிண்டு படம் எடுத்து நேரத்தை வீணாக்காத.

நூதனசாலை எண்டோடன நீ கண்ணாடிப் பெட்டியையும் கொட்டாவி விடுற காவலாளியையும் நினைப்பாய். கண்ணாடிப் பெட்டியும் இருக்குத்தான், அதில தெரியிற உன்ர முகத்தைப் பாத்துத் தலை இழுக்காத. ஆனா அங்க முக்கியமான சாமான் வீடுகள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலுங்கானா எண்டு தென்னிந்தியப் பக்கத்து 18 வீடு. இடிச்சு விறகாக்கப் போற வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணா, ஓடு ஓடாக் கழட்டி, லொறியில ஏத்திக் கொண்டுவந்து, அந்தந்த ஊர்த் தச்சரையும் கொத்தரையும் கூப்பிட்டுத் திரும்பப் பூட்டியிருக்கினம். செய்விச்சவ டெபோரா தியாகராஜன் எண்டு அமெரிக்காவில பிறந்து தமிழனைக் கட்டின அம்மா. 1984இல மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் எண்டு ஒரு அமைப்பைத் துவங்கி, 1996 டிசம்பர் 14இல கதவைத் திறந்துவிட்டா. வளவுக்கு வரைபடம் போட்டுக் குடுத்தவர் லாரி பேக்கர். அவரும் இங்கிலாந்தில பிறந்த மனுசன். எங்கட பாட்டன் பூட்டன்ர வீட்டைக் காப்பாத்த வெள்ளைக்கார மருமகளும் வெள்ளைக்கார மேசனும் வேண்டிக் கிடந்திருக்கு. நாங்கள் அந்த நேரம் கொங்கிறீற்றுக்குக் கல் அரிச்சுக்கொண்டு நிண்டம்.

கழட்டிறதெண்டா எங்கட பக்கத்துக்கும் பழக்கந்தான். பறங்கியள் கோணேசர் கோயிலை இடிச்சு, 1624இல அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினாங்கள். கோட்டை வாசல் கல்லில மீன் ரெண்டு இன்னும் நீந்திக்கொண்டுதான் கிடக்கு, போய்ப் பார். நீ எங்க பாத்தாய்? அதுக்குக் கீழால மோட்டச்சைக்கிளில நூறு தரம் போயிருப்பாய். கோயிலைக் கழட்டிக் கோட்டையாக்கினவனும் இருக்கிறான், வீட்டைக் கழட்டி அதே வீடாப் பூட்டினவையும் இருக்கினம். ரெண்டுக்கும் கடப்பாரை ஒண்டுதான், மோனே.

உள்ள போனோடன செட்டிநாட்டு வீடு உன்னை இழுக்கும். பர்மாத் தேக்கில உருண்டு திரண்ட தூண்கள். கட்டினவன் ரங்கூனில வட்டிக்குக் குடுத்த காசெல்லாம் அதில நிக்குது. அந்தத் தூணைத் தடவேக்க உனக்குச் சீதன யோசனை ஒண்டு வரும். வந்தா அப்பிடியே விழுங்கிப்போடு. பொம்பிளையும் பக்கத்தில நிப்பாள், அவளுக்கு நெஞ்சைப் படிக்கத் தெரியும்.

மாமிமாரை நெசவுகாரர் வீடுகளுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ. காஞ்சிபுரத்தான்ர வீடு இருக்கு. கர்நாடகத்து இல்கல் ஊரான்ர வீடு இருக்கு. முந்தானைப் பாவை வேறயா ஓட்டி, உடல் பாவோட கண்ணி கண்ணியாக் கொழுவி நெய்யிற ஆக்கள் அவை. தெலுங்கானாப் பக்கத்து வீடு ஒண்டும் இருக்கு. அவை நெய்ய முன்னமே நூலை அங்கங்க இறுக்கிக் கட்டிச் சாயத்தில தோய்ச்செடுப்பினம். கட்டின இடத்தில சாயம் ஏறாது. பூ எங்க வரும், இலை எங்க வரும் எண்டு நூலாக் கிடக்கேக்கயே கணக்குப் போட்டுப்போடுவினம். ஒரு விரற்கடை பிசகினா பூ கோணும். முதல் நாள் கடையில அம்பது சீலையை விரிச்சுப்போட்டு "ஒண்டும் மனசுக்குப் பிடிக்கேல்லை" எண்டு எழும்பி வந்த மாமிமார் அந்தத் தறிக்கு முன்னால ஒரு அரை மணித்தியாலம் வாய் பேசாம நிக்கட்டும். நிக்கமாட்டினம். எண்டாலும் முயற்சி செய்து பார்.

எனக்குப் பிடிச்சது பெரிய வீடு ஒண்டுமில்லை. விசாகப்பட்டினக் கரையிலயிருந்து வந்த வட்ட மண் வீடு. சுத்திவர மூலையே இல்லை, கூரை தாழ வந்து குந்தியிருக்கும். புயல் வந்தா காத்துக்குப் பிடிக்க ஒரு மூலை வேணுமெல்லோ, அதைக் குடுக்காமக் கட்டியிருக்கிறான் அந்த ஊரான். அவனுக்கு ஆர் படிப்பிச்சது? 1964 மார்கழியில அடிச்ச புயல் திருக்கோணமலையைச் சவட்டிப்போட்டுத்தான் அங்கால தனுஷ்கோடியைத் திண்டது. அப்ப நான் காற்சட்டைப் பெடியன். எங்கட வீட்டுக்கு மூலை நாலும் வடிவா இருந்தது, விடியேக்க கூரைதான் இல்லை. இப்ப நீ கட்டப்போற வீட்டின்ர படம் பாத்தன். எட்டு மூலையும் கண்ணாடிச் சுவரும். சந்தோசம்.

ஒரு குறையும் சொல்லுறன், அவையிட்டச் சொல்லாத. அந்த வீடுகள் வலு துப்பரவு. அடுப்பில புகையில்லை, கோடியில கோழி இல்லை, திண்ணையில கிழவன் இருமிறேல்லை. அகரத்துப் பிராமண வீடும் நெசவுகாரன் வீடும் குயவன் வீடும் ஒரே வளவுக்குள்ள ஒத்துமையா நிக்குது. ஊரில இருக்கேக்க ஒருத்தன்ர படியில மற்றவன் கால் வைச்சிருப்பானோ எண்டு யோசிச்சுப் பார். வீட்டை லொறியில ஏத்தினவை, நல்லகாலம், சண்டையை ஊரிலயே விட்டிட்டு வந்திட்டினம். அந்தச் சண்டையும் நூதனசாலைக்கு வேணுமெண்டுதான் நான் நினைக்கிறன். ஆனா ஆர் டிக்கெட் எடுத்துச் சண்டை பாக்கப் போறான்? சும்மா கிடைக்குதே.

குயவன் சக்கரம் சுத்திக்கொண்டிருப்பான். உன்னையும் ஒருக்காத் தொட விடுவான். நீ தொட்டோடன சட்டி கோணும், பொம்பிளை சிரிப்பாள், அதுக்கு விலையில்லை. ஆனா அவன் செய்த சட்டிக்கு விலை இருக்கு. அங்க நிண்டு பத்து ரூவா குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாத. சென்னையில கோப்பி குடிக்கேக்க விலைப்பட்டியலைத் திருப்பிப் பாத்தனியோ? தம்பலகாமத்து எருமைத் தயிரை வழிச்சு நக்கிப்போட்டுச் சட்டியை வேலிக்கு எறியிற ஆள் நீ. அங்க அதே மாதிரிச் சட்டிக்குப் பக்கத்தில குந்தியிருந்து படம் எடுத்து "எங்கட பாரம்பரியம்" எண்டு உலகத்துக்குப் போடுவாய். போடு. போட்டிட்டு வந்து வேலிக்கரையைக் கொஞ்சம் கூட்டு.

ஓலைப்பெட்டி பின்னிற பொம்பிளையள் இருந்தா அவையிட்ட மட்டும் வாயைத் திற. அடி எப்பிடித் துவங்கிறது எண்டு கேள். உன்ர அப்பம்மாவுக்கு நீத்துப்பெட்டி, கடகம், கொட்டைப்பெட்டி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பின்ன வரும். நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அவவும் சொன்னதில்லை. கடல் தாண்டிப் போய் டிக்கெட் எடுத்துக் கேட்டாத்தான் உனக்கு ஏறும் எண்டா ஏறட்டும். கேட்டுக்கொண்டு வந்து அவவிட்டச் சொல்லு. "அது பிழை" எண்டு சொல்லுவா. அப்ப கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரு.

அங்க உள்ள ஆரும் "உங்கட ஊரில என்ன இருக்கு?" எண்டு கேட்டா முழிக்காத. சீனன்குடாவில வெள்ளைக்காரன் பொருத்தின 99 எண்ணெய்க் குதம் இருக்கெண்டு சொல்லு. 1942 ஏப்ரல் 9 யப்பான்காரன்ர விமானம் ஒண்டு அங்க நிண்ட குதம் ஒண்டுக்குள்ள போய் விழுந்து, நாள்கணக்கா எரிஞ்சு, இரும்புத் தகடு உருகிச் சுருண்டு போச்சு. பாரம்பரியமுமில்லை, கைவினையுமில்லை. ஆனா ஆரும் கழட்டி லொறியில ஏத்தேலாது எண்டு சொல்லு.

கடைசியா ஒண்டு. செவ்வாய்க்கிழமை அந்த இடம் பூட்டு. நீ சரியாச் செவ்வாய்க்கிழமை பாத்துத்தான் போய் நிப்பாய் எண்டு அப்பம்மா என்னோட ஆயிரம் ரூவா பந்தயம் பிடிச்சிருக்கிறா. மோனே, ஓய்வூதியம் வர இன்னும் கனநாள் கிடக்கு.