மூன்றும் ஒன்றே என்பவர்

ஜொகூரின் ஸ்கூடாய் ஆனாலும் சென்னை ஆனாலும், பல்கலைக்கழக வேதியியல் லேபில் இவர் ஒருவர் தவறாமல் இருப்பார். வெள்ளைக் கோட்டின் மேல்பையில் கால்குலேட்டர்; உள்ளே நாலாக மடித்த சீனியரின் பழைய ரிப்போர்ட். மூன்று முறை டைட்ரேஷன் செய்யச் சொன்னால் 24.40, 24.35, 24.40 மில்லி என்று எழுதுவார். மூன்றும் ஒன்றாக இருந்தால் கண்ணை உறுத்துமே என்று நடுவில் 0.05 குறைத்து, பொய்க்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற நுட்பம் அவருடையது. அவருடைய குடுவையில் நடப்பதோ வேறு கதை. பினாப்தலின் அரை நிமிடம் நிலைக்கும் மெல்லிய இளஞ்சிவப்பில் நிற்க வேண்டும். இவர் பியூரெட்டின் திருகைத் திறந்துவிட்டு ‘மச்சான், உனக்கு எவ்ளோ வந்துச்சு?’ என்று பக்கத்து மேசையை விசாரித்துத் திரும்புவதற்குள், மாமாக் கடை ரோஸ் சிராப் தயாராகியிருக்கும். யாரும் பார்ப்பதற்கு முன் அது சிங்க்குக்குப் போய்விடும்.

இவரைச் சோம்பேறி என்பது அநியாயம். விடையிலிருந்து பின்னால் நடந்து அளவீட்டுக்கு வந்து சேர, நேர்வழியில் போகிறவனைவிட அதிகம் உழைக்க வேண்டும். கோளாறு, சோதனையை விடைக்குப் போகும் பஸ் என்று அவர் நினைப்பதில்தான். பியூரெட்டில் இருக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு எடையை நம்பிக் கடன் கொடுக்கக்கூடிய சரக்கல்ல. தராசில் இருக்கும்போதே காற்றின் ஈரத்தை இழுத்து வியர்க்கும். கரியமில வாயுவையும் விழுங்கும். ஜொகூர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். அதனால்தான் ஒவ்வொரு முறை கரைசல் கலக்கும்போதும், பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற ஒழுக்கமான உப்பைக் கொண்டு அதன் பலத்தை அளக்கச் சொல்கிறார்கள். போன வருஷத்து 24.40 போன வருஷத்துக் கரைசலின் ஜாதகம். இந்த வாரம் கலந்தது கொஞ்சம் வலுவாக இருந்தால் வகுப்பு முழுக்க 22-ஐச் சுற்றி நிற்கும். இவர் மட்டும் சீனியரோடு ஒத்துப்போவார். பிழை செய்தவன் தப்பிக்கிற இடத்தில், பிழையே இல்லாதவர் மாட்டிக்கொள்கிறார்.

மூன்று மணி நேரத்தில் எத்தனை முறைதான் திருப்பிச் செய்வது, அளவுகள் ஒத்துப்போனால்தானே மார்க் என்று அவர் தரப்பில் கேட்பார்கள். பாதி நியாயம். ஒற்றுமைக்கு மார்க் போட்டால் ஒற்றுமைதான் விளையும், 24.40, 25.60, 24.45 என்று எழுதி, நடுவில் இருப்பது ஏன் கெட்டது என்று ஒரு வரி சொன்னவனுக்கு முழு மார்க் போடுவதுதான் சரி. இப்போதெல்லாம் மெஷின் செய்கிறதே என்பது அடுத்த வாதம். இதில் பாதி நியாயமும் இல்லை. கேஸ் குரோமடோகிராபிக் கருவி பென்சீனையும் டொலுயீனையும் பிரித்துக் காட்டும். எவ்வளவு என்று சொல்ல, அளவு தெரிந்த கரைசலை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அதைக் கலப்பது பிப்பெட் பிடித்த கை. கை பத்து விழுக்காடு தவறினால், மெஷினும் அதே தவற்றை நாலு தசம இடத்துக்குத் துல்லியமாக அச்சடித்துத் தரும்.

பாசிர் கூடாங்கில் பாமாயில் சுத்திகரிப்பு ஆலை லேபுக்கு இவர் தொழிற்பயிற்சிக்குப் போகிறார் என்று வையுங்கள். கச்சாப் பாமாயிலில் தனிக் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வியாபாரக் கணக்கு. அதை அளப்பதும் இதே பியூரெட், இதே இளஞ்சிவப்புத்தான். 5 கிராம் எண்ணெய்க்கு 0.1 நார்மல் காரம் ஒரே ஒரு மில்லி கூடிப் போனால் விடையில் அரை விழுக்காடு ஏறும், 4.6 ஆக இருந்த நல்ல சரக்கு 5.1 ஆகிவிடும். ரோஸ் சிராப்பின் விலை அங்கே லாரிக் கணக்கில். எண்ணெய்க்காவது நேற்றைய ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. 2019 மார்ச்சில் அதே பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். மாணவர்கள் மூச்சுத் திணறினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. தண்ணீரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று ஊரே காத்திருந்தது. அந்தக் கரையில், மாதிரி எடுக்கும் போத்தலோடு நம்மவரை நிறுத்திப் பார்க்கலாம். மூக்கைப் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பார்: ‘இந்த ஆத்துக்குப் போன வருஷ ரிப்போர்ட் யார்கிட்டயாவது இருக்கா?’