நாலு கம்பிக்காரன்

கல்யாண வரவேற்பில் வாசித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினால் மாப்பிள்ளையின் பெரியப்பா வழிமறிப்பார். எந்த ஊர், எந்த மண்டபமானாலும் வருகிறவர் இந்த ஒரே பெரியப்பாதான் என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என் பேஸ் கிட்டாரை மேலும் கீழும் பார்ப்பார்.

"தம்பி, கிட்டார்னா ஆறு கம்பி இருக்குமே. மிச்சம் ரெண்டு அறுந்துபோச்சா?"

"இல்லீங்க பெரியப்பா, இதுக்கு நாலுதான்."

"அப்ப ரேட்டும் கம்மியாத்தான் இருக்கும்."

கம்மிதான். ஆனால் அதற்குக் காரணம் கம்பி இல்லை.

வாரநாட்களில் நான் திருச்சியில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவன். முகூர்த்த நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ். பதினெட்டு வருஷமாக டிரம்ஸுக்கும் பூ அலங்காரத் தூணுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறேன். கல்யாண ஆல்பங்களில் என் இடது முழங்கை நிறைய உண்டு.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவில் முழு உருவமும் தெரியும்; ஆனால் சத்தம் வராது. பேஸின் தடித்த கம்பியை வெறுமனே தட்டினால் விநாடிக்கு 41 அதிர்வு. அவ்வளவு கீழே இறங்கிப் பேச செல்போனின் பொட்டு ஸ்பீக்கருக்கு உடம்பு போதாது. போன மாதம் அப்படியொரு வீடியோவைப் பார்த்துவிட்டு என் மாமியார் தன் மகளிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறார்: "மாப்பிள்ளைக்கு வயித்துல ஏதும் அரிப்பாடி? பாட்டு முழுக்கச் சொறிஞ்சுக்கிட்டே நிக்கிறாரே."

ஊரார் காதில் விழாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியதுதான். கச்சேரி முடிந்து ராத்திரி ஒரு மணிக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் வெவ்வேறு குழுக்களின் பேஸ்காரர்கள் மூன்று பேர் கூடுவோம். பாட்டைப் பற்றிப் பேசுவோம் என்று நினைக்காதீர்கள். கம்பி, பிக்கப், ஆம்ப்ளிஃபயர், ஒயர், இடுப்புவலிக்கு என்ன தைலம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எப்போதாவது ஒருவர் இளையராஜா பாட்டொன்றின் பேஸை மட்டும் வாயால் 'தும் துதும்' என்று ஆரம்பிப்பார். மற்ற இருவரும் டீ ஆறுவது தெரியாமல் சேர்ந்துகொள்வோம். டீ மாஸ்டருக்கு அது என்ன பாட்டென்று இன்றுவரை பிடிபடவில்லை.

மூவரில் மூத்தவர் உறையூர்க்காரர். கம்பி மாற்றுவதே பாவம் என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் டெட்ராயிட்டில் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை அவர் சாட்சிக்கு அழைப்பார். ஜேமர்சன் கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார்; வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துக்கொண்டே உலகத்தை ஆட்டிவைத்தார். இரண்டும் உண்மைதான். ஆனால் உறையூர்க்காரர் கம்பி மாற்றாததற்குக் காரணம் ஜேமர்சன் அல்ல, கம்பியின் விலை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்துப் பையனோ மாதம் ஒரு செட் போடுகிறவன். புதுக் கம்பி போட்ட அன்று அவன் பேஸ் பித்தளைக் குடத்தைத் தரையில் போட்டதுபோல் கணீரென்று இருக்கும்.

நான் நடுவழி தேடுகிறவன். பழைய கம்பியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்கவைத்தால் முறுக்குச் சுற்றுகளுக்குள் அடைந்த எண்ணெயும் அழுக்கும் கரைந்து, சில நாளைக்குக் கம்பிக்கு இளமை திரும்பிவிடும். இது உலகெங்கும் பேஸ்காரர்கள் செய்கிற வைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு கம்பிகளையும் வளையமாகச் சுருட்டி, கைக்குக் கிடைத்த பாத்திரத்தில் போட்டு அடுப்பேற்றினேன். கிடைத்தது இட்லிக் குண்டான். நான் கூடத்தில் பேப்பர் படிக்க, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

"ஏண்டி, இடியாப்பத்தை யாராவது தண்ணிக்குள்ள போட்டு வேக வைப்பாங்களா?"

அந்தக் குண்டானை அதற்குப் பிறகு என் மனைவி அடுப்பில் ஏற்றவில்லை. "இது உங்க கம்பிக்கே இருக்கட்டும்" என்று பரணில் போட்டுவிட்டாள். புதுக் குண்டான் வாங்கிய காசில் ஒரு செட் கம்பியே வாங்கியிருக்கலாம். உறையூர்க்காரரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

கம்பிக் கதை போதும், சுமைக்கு வருகிறேன். ஒரு காலத்தில் மேற்கே பேஸ் வாசித்தவர்கள் ஆள் உயர டபுள் பேஸைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். லியோ ஃபெண்டர் 1951-இல் அதைத் தோளில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கி, விரல் பிசகாமலிருக்கக் வீணைக்கு இருப்பதுபோல் கழுத்தில் மெட்டுகளும் பதித்து, பிரிசிஷன் பேஸ் என்று விற்பனைக்கு விட்டார். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. சுமை தொலைந்தது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அந்தப் பலகை தானாகச் சத்தம் போடாதே! அதற்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். 1969-இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட்டில் ஒன்று செய்தது. அதோடு சேர்கிற எட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பேஸ்காரர்கள் வைத்த பெயர் ஃபிரிட்ஜ். எடை 60 கிலோவுக்கு மேல். இறக்கிவைத்த பாரம் சக்கரம் கட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது.

என்னுடையது அவ்வளவு பெரிசில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 34 கிலோ. குட்டி யானையில் ஏற்றிவிடலாம். ஆனால் நம் கல்யாண மண்டபங்களில் பந்தி கீழே, மேடை மாடியில். சாப்பாட்டுக்கு ஆள் ஏறக்கூடாது என்று யோசித்தவர்கள் ஆம்ப்ளிஃபயர் ஏறுமே என்று யோசிக்கவில்லை. ஸ்ரீரங்கத்துப் பையன் மூன்று கிலோகூட இல்லாத புதுமாதிரி ஆம்ப்ளிஃபயரைப் பையில் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸ்போல் ஆட்டிக்கொண்டு வருகிறான். "சவுண்டு ஒண்ணுதாண்ணே" என்கிறான். அதெப்படி ஒன்றாகும்? முதுகு பிடித்துக்கொண்டு வாசிக்கிற சத்தத்தில் ஒரு கனம் இருக்கத்தான் செய்யும்.

மேலே ஏற்றி ஒயரைச் சொருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். மண்டபத்து எர்த் சரியில்லை என்று அர்த்தம். நம் நாட்டுக் கரண்ட் விநாடிக்கு 50 அதிர்வு. எங்கள் பாஷையில் அது ஜி, கச்சேரி பாஷையில் ஐந்து கட்டை, ஒரு பிசிறு கூடுதலாக. ஐந்து கட்டையில் பாடுகிற அம்மா மேடையேறினால் தம்புரா தேவையில்லை, சுவரிலிருந்தே சுருதி வரும். அமெரிக்காக்காரர்கள் பாவம், அவர்களுடைய 60 இரண்டு சுரத்துக்கு நடுவில் நின்று எதிலும் சேராது.

இவ்வளவும் சுமந்து போனால் அங்கே கீபோர்டுக்காரரின் இடது கை காத்திருக்கிறது. பட்ஜெட் குறைந்தால் முதலில் கழிகிறவன் பேஸ்காரன். "லெஃப்ட் ஹேண்டுல பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லிவிடுவார். ஒரு மனிதனின் பிழைப்பை இன்னொருவர் சும்மா கிடக்கிற கையால் பார்த்துக்கொள்வது வேறெந்தத் தொழிலில் உண்டு?

கழிவது ஆள் மட்டுமில்லை, பேஸும் தொலையும். உலகப் புகழ் பெற்ற பேஸ்காரர் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972-இல் லண்டனில் வேனிலிருந்து திருடுபோய், ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவர் கைக்குத் திரும்பியது. நானும் ஒரு தடவை என் பேஸைக் குட்டி யானையில் மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். வந்து போன வண்டிக்கூலி 200 ரூபாய் கேட்டார்.

கடைசியாக, போன ஆவணியில் நடந்தது. என் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. ஒயரைச் சொருகியபடியே விட்டால் வாசிக்காமலே தீர்ந்துபோகும். ஒரு வாரம் அப்படி விட்டிருக்கிறேன். மூன்றாவது பாட்டின் பல்லவியில் சத்தம் நின்றது. பாடகர் திரும்பவில்லை, கீபோர்டு திரும்பவில்லை. சபையும் தலையாட்டிக்கொண்டிருந்தது. முழு மண்டபத்தில் ஒரே ஒரு பாட்டிதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பெட்டிக்கு நேரெதிரே முதல் வரிசையில் இருந்தவர். பேட்டரி மாற்றக் குனிந்தபோது அவர் பக்கத்திலிருந்த பேத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது:

"யம்மா, இப்பத்தாண்டி நெஞ்சு படபடப்பு நின்னுச்சு. டாக்டர்கிட்டப் போகணுமோன்னு பயந்துட்டேன்."

பேட்டரி மாற்றி ஒரே ஒரு சுரம் தட்டினேன். பாட்டி நெஞ்சில் கை வைத்தார். பிறகு என்னை நன்றாகப் பார்த்தார்; எழுந்து ஏழாவது வரிசைக்குப் போய்விட்டார்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆர்கெஸ்ட்ரா பேசும்போது, "பேஸ் உண்டா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மண்டபம் மாடியில் என்றால் மறக்காமல் இரண்டு ஆளையும் அனுப்பிவையுங்கள்.