ஆல்கோ அண்ணாச்சி

ரயில் வருகிற நேரத்தில் எல்லாரும் தங்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று பார்த்து நிற்பார்கள். ஒருவர் மட்டும் பிளாட்பாரம் முடிந்து சரிவாக இறங்கும் இடத்தில், ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நிற்பார். கையில் பை இருக்காது. சட்டைப் பையில் பிளாட்பாரம் டிக்கெட் இருக்கும். வண்டி வந்ததும் எஞ்சினை ஒருமுறை பார்ப்பார். "கரண்டு" என்று முனகிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இவர்தான் டீசல் பிரியர். ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். டீசல் ஷெட் உள்ள ஈரோட்டிலும் பொன்மலையிலும் விளைச்சல் கொஞ்சம் அதிகம். எனக்கு வாய்த்தவர் திருநெல்வேலிக்காரர். தெருவில் அவர் பெயர் ஆல்கோ அண்ணாச்சி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே யோசிப்பார்.

ஆல்கோ என்பது அமெரிக்கக் கம்பெனி. 1962-ல் அவர்களுடைய பெரிய டீசல் எஞ்சின்கள் இங்கே வந்து இறங்கின. 1964 முதல் வாராணசியில் நாமே செய்ய ஆரம்பித்தோம். 1969-ல் அந்தக் கம்பெனி எஞ்சின் செய்வதையே விட்டுவிட்டது. "பெத்தவ போய்ச் சேந்துட்டா வே. பிள்ளை மட்டும் நம்ம ஊர்ல அம்பது வருசம் பொட்டி இழுத்துச்சு, பாத்துக்கிடும்" என்பார் அண்ணாச்சி. சொல்லும்போது குரல் லேசாகக் கம்மும். சொந்தச் சித்தி காரியத்தில்கூட அவர் குரல் கம்மியதை நான் பார்த்ததில்லை.

அகலப்பாதை ஆல்கோவுக்குப் பதினாறு சிலிண்டர், 2600 குதிரைச் சக்தி. "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்ந்த எஞ்சின்" என்பது அவர் அளித்திருக்கும் பட்டம். மீட்டர் கேஜில் ஓடிய சின்னதுக்கு ஆறு சிலிண்டர்தான். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: "திருச்செந்தூர் வண்டிய இழுத்தது அதுதானே வே? ஆறுமுகத்துக்கு ஆறு!"

அந்த எஞ்சின் நின்றுகொண்டே உறுமும் சத்தம்தான் அவருக்குச் சங்கீதம். சீராக அடிக்காது, நொண்டி நொண்டி அடிக்கும். தவில்காரர் உருப்படியைத் தொடங்கும் முன் விரலால் தட்டிப் பார்ப்பாரே, அந்தக் கணக்கு. அதைத்தான் செல்போன் மணியாக வைத்திருக்கிறார். ஒரு கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு ஐயர் விரலை ஆட்டப்போகிற நேரத்தில் அந்தப் போன் அடித்தது. தவில்காரர் திரும்பிப் பக்கத்துத் தவில்காரரை முறைத்தார். அண்ணாச்சிக்கு அதில் பெருமை தாங்கவில்லை. பின்னால் வந்த வேறு ரக டீசல்கள் அவர் காதுக்கு மிக்ஸி. மின்சார எஞ்சின் ஃபிரிட்ஜ். "ஃபிரிட்ஜ் போறதப் பாக்க எவனாவது வேலிகிட்ட நிப்பானா?"

புகையைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. டிரைவர் பிடியை ஏற்றியதும் எண்ணெய் உடனே உள்ளே போய்விடும். காற்றை அழுத்தித் தரவேண்டிய டர்போ வேகமெடுக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை எண்ணெய் அரைகுறையாக எரிந்து, மேலே கறுப்பாகக் கிளம்பும். விஷயம் அவ்வளவுதான், தயாரிப்பில் உள்ள ஒரு குறை. அண்ணாச்சிக்கு அது தரிசனம். அந்தப் புகைக்காகவே பத்து மைல் சைக்கிள் மிதித்திருக்கிறார்.

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலையேறிய மீட்டர் கேஜ் வண்டியைச் சொல்ல ஆரம்பித்தால் மதினி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார். முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். ஆரியங்காவுக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டியில் உள்ளவர்கள் எல்லாரும் ஜன்னலைச் சாத்துவார்கள். அண்ணாச்சி திறப்பார். வெளியே வரும்போது அவரும் அவருக்கு எதிரே உட்கார்ந்த பாவப்பட்ட ஜீவனும் கரிக்கடை முதலாளிகள் மாதிரி இருப்பார்கள். 2010-ல் அந்தப் பாதையை மூடினார்கள். 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இடைப்பட்ட எட்டு வருஷமும் அண்ணாச்சி குற்றாலத்துக்குக் குளிக்கப் போகவில்லை. துக்கமாம்.

அவர் ஞாபகத்தில் பாசஞ்சர் வண்டி ஒருநாளும் தாமதமானதில்லை. ஒவ்வொரு கிராசிங்காகப் பார்த்துப் பார்த்து நின்றதும், எதிர்வண்டிக்காக முக்கால் மணி நேரம் பனங்காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்ததும், கண்ணில் கரி விழுந்து அம்மா முந்தானையில் ஊதி ஒத்தடம் கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அவரோ ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டிய பிரம்பு வளையத்தை ஓடும் எஞ்சினிலிருந்து டிரைவர் கைவிட்டு வாங்கியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூர எறிந்துவிட்டார். நல்ல சேமிப்புக்காரர்.

2019-ல் வாராணசியில் பழைய டீசல்களை மின்சார எஞ்சினாக மாற்றிப் பிரதமர் கொடியசைத்து ஓட விட்ட செய்தி வந்தது. அன்று அண்ணாச்சி காலைக் காபியைத் தொடவில்லை. மத்தியானம் இரண்டாகச் சேர்த்துக் குடித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் அப்பா நீராவி எஞ்சின் ஆள். முதன்முதலாக டீசலைப் பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இது ஒரு எஞ்சினாலே? பீரோவுக்குச் சக்கரம் மாட்டி விட்டிருக்கான்" என்று காறித் துப்பினாராம். இதை என்னிடம் சொன்னதே அண்ணாச்சிதான். சொல்லிவிட்டு, "அந்தக் காலத்து மனுசங்களுக்கு ரசனை போதாது வே" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போன மாதம் தென்காசியில் ஒரு காதுகுத்து. காலை பாசஞ்சருக்காக ஜங்ஷனுக்குப் போனேன். அண்ணாச்சி வழக்கமான இடத்தில் நின்றிருந்தார். வண்டி புறப்படப் பத்து நிமிஷம் இருந்தது. பேச்சுக்குக் கேட்டு வைப்போமே என்று, "அண்ணாச்சி, ஆல்கோவுக்கும் மத்த டீசலுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?" என்றேன்.

வாயாலேயே இரண்டு எஞ்சினையும் ஓட்டிக் காட்டினார். பிடியை ஒவ்வொரு படியாக எட்டு வரை ஏற்றினார். ஆறாவது படியில் என் முகத்தில் எச்சில் சாரல். எட்டாவது படியில் அவர் பின்னால் ஏதோ மெதுவாக நகர்வது தெரிந்தது. மின்சார எஞ்சின் அல்லவா, சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெட்டியின் மஞ்சள் பெருக்கல் குறி போய்க்கொண்டிருந்தது.

"பாத்தீரா? ஆல்கோவா இருந்தா கிளம்புறது காதுல விழுந்திருக்கும்" என்றார்.

தென்காசிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். மொய் எழுத முடிந்தது. கறிச்சோறு தீர்ந்திருந்தது.