நிஞ்சா வாளுக்கு வயது என்ன?

கேள்வி: நேரான அலகு கொண்ட நிஞ்சா வாள் எந்தக் காலத்தைச் சேர்ந்தது?

பதில்: டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தை. சதுரக் கைக்காப்பு, கறுப்பு உறை, வளைவே இல்லாத குட்டை அலகு என்று கடைகளில் கிடைக்கும் இந்த வாளுக்குச் சினிமாவைவிட வயது குறைவு. ஒகுசே ஹெய்ஷிச்சிரோ 1956இல் வெளியிட்ட சிறு நூலில் அதன் படம் இருக்கிறது. அதற்கு முந்தைய நம்பகமான சான்று எதுவும் கிடைக்கவில்லை. 1964இல் மியே மாநிலத்தின் இகாவில் நிஞ்சா அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது மாதிரி வாள்கள் காட்சிக்கு வந்தன. 1981இல் வெளியான 'என்டர் தி நிஞ்சா' படமும், ஷோ கோசுகி நடித்த அடுத்தடுத்த படங்களும் அதை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தக் காலத்துச் சினிமா நினைவாக இதைச் சேகரிப்பது அருமையான பொழுதுபோக்கு. ஆனால் முந்நூறு வருடப் பழசு என்று சொல்லி விற்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: உண்மையான நிஞ்சா பின்னே எந்த வாளை வைத்திருந்தான்?

பதில்: ஊரார் வைத்திருந்த வாளைத்தான். அவன் வேலை உளவு. துறவி, மலைச் சாமியார், வியாபாரி, கூத்தாடி என்று வேடம் போட்டு ஊர் ஊராகப் போவான். பார்த்தவுடன் 'இவன் நிஞ்சா' என்று காட்டிக்கொடுக்கும் தனி வாளை இடுப்பில் செருகிக்கொண்டால் முதல் சுங்கச்சாவடியிலேயே மாட்டிக்கொள்வான். 1681இல் எழுதப்பட்ட 'ஷோனின்கி' என்ற கையேடு உளவாளி கொண்டுபோக வேண்டிய ஆறு பொருள்களைச் சொல்கிறது: பின்னல் தொப்பி, கொக்கிக் கயிறு, எழுதுகல், மருந்து, மூன்றடித் துணி, நெருப்பு வைத்த மூங்கில் குழாய். அந்தப் பட்டியலில் வாளே இல்லை.

வாளைக் கொண்டு செய்யும் உத்திகள் அந்த மரபில் உண்டு. சுவரோரம் வாளைச் சாய்த்து, கைக்காப்பின் மேல் கால் வைத்து ஏறி, உறையில் கட்டிய கயிற்றைப் பல்லில் கடித்தபடி வாளை மேலே இழுத்துக்கொள்வது ஒன்று. இருட்டறையில் உறையை அலகின் நுனியில் மட்டும் தொங்கவிட்டு, தடவித் தடவி ஆள் இருக்கிறானா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் சாதாரண வளைந்த வாளாலேயே செய்துவிடலாம்.

கேள்வி: அப்படியென்றால் ஜப்பானில் நேர்வாளே இருந்ததில்லையா?

பதில்: இருந்தது, அதுவும் சாமுராய்கள் தோன்றுவதற்கு முன்பே. சோகுதோ எனப்படும் அந்த வாள்கள்தான் நேர்வாள் பிரியர்கள் முதலில் பார்க்க வேண்டியவை. நாராவில் உள்ள தோதாய்ஜி கோயிலின் ஷோசோயின் கருவூலத்தில் எட்டாம் நூற்றாண்டு வாள்கள் இன்றும் இருக்கின்றன. பேரரசர் ஷோமு இறந்தபின் 756இல் பேரரசி கோம்யோ அவருடைய உடைமைகளைக் கோயிலுக்குக் காணிக்கையாக்கியதிலிருந்து தொடங்குகிறது அந்தச் சேகரிப்பு. ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலுக்குச் சொந்தமான ஏழு நட்சத்திர வாளின் அலகு சுமார் 62 செ.மீ. நீளம். அதில் மேகங்களும் சப்தரிஷி மண்டலமும் தங்கத்தில் பதிக்கப்பட்டிருக்கின்றன. இளவரசர் ஷோதொகு வைத்திருந்த வாள் என்பது மரபு. காஷிமா ஆலயத்தின் நேர்வாளோ பிடியோடு சேர்த்து 2.7 மீட்டர். அதை மனிதர் யாரும் இடுப்பில் கட்ட முடியாது, சாமிக்கே செய்தது.

ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டில் வாள் வளைந்தது. குதிரைமேல் இருந்து வெட்டுவதற்கு வளைவு உதவியது. கொல்லரின் உலையும் அந்தப் பக்கமே இழுத்தது. துவைச்சலுக்கு முன் அலகின் முதுகில் களிமண்ணைத் தடிமனாகவும் கூர்ப்பக்கத்தில் மெல்லிசாகவும் பூசுவார்கள். பழுத்த அலகைத் தண்ணீரில் இறக்கும்போது கூர்ப்பக்கம் சட்டென்று ஆறிக் கடினமாகிறது; அப்படிக் கடினமாகும் எஃகு சற்றே பருக்கும். அது தள்ளுகிற தள்ளில் அலகு முதுகுப் பக்கமாக வளைகிறது. களிமண் பூசித் தண்ணீரில் துவைச்சல் போட்ட நீள அலகைத் துளி வளைவில்லாமல் வெளியே எடுப்பது கடினம். இன்றைய மலிவு நேர்வாள்கள் முழு அலகும் ஒரே சீராகக் கடினமாக்கப்பட்டவை, அல்லது தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை. நேராக இருப்பதால் அவற்றுக்குச் சிரமம் இல்லை.

பழைய வாள்தான் வேண்டும், நேராகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு ஒரு வழி இருக்கிறது. கன்பூன் காலத்து (1661–1673) வாள்கள் வளைவு மிகக் குறைந்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட நேராகவே தெரியும். விலை வேறு கதை.

கேள்வி: வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: கண்ணுக்குத் தெரியாததை. பிடிக்குள் மறைந்திருக்கும் வால்தான் வாளின் உயிர். ஒழுங்கான வாளில் அலகும் வாலும் ஒரே இரும்பு. பிடியின் பெரும்பகுதி நீளத்துக்கு அது உள்ளே ஓடும், மூங்கில் ஆணி ஒன்றோ இரண்டோ அதை இறுக்கிப் பிடிக்கும். மலிவுச் சரக்கில் அலகின் அடியில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, மறையாணி போட்டு முடுக்கியிருப்பார்கள். அதை வீசினால் பற்றவைத்த இடம் விட்டு, அலகு தனியே பறக்கும். ஸ்டெயின்லெஸ் அலகும் அப்படித்தான். கத்தி நீளத்தில் நன்றாக இருக்கும், வாள் நீளத்தில் சட்டென்று உடையும். சுவரை அலங்கரிக்க அது போதும். வீசிப் பார்க்கக் கூடாது. பயிற்சிக்கு வேண்டுமென்றால் கார்பன் எஃகு வேண்டும். அதற்கு விலை துரு, ஆகவே பராமரிப்பும் சேர்ந்தே வரும்.

கேள்வி: எண்ணெய் போடுவது எப்படி?

பதில்: பேச்சை நிறுத்திவிட்டுத் தொடங்க வேண்டும். அலகின் முன்னால் பேசினால் எச்சில் தெறிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு துளியும் பிறகு துருப்புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். ஜப்பானில் வாயில் காகிதத்தைக் கவ்விக்கொண்டு வாளைப் பார்க்கும் வழக்கமே உண்டு.

கூர்ப்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்து, அலகின் முதுகு மட்டும் உறையில் உரசும்படி ஒரே சீராக உருவ வேண்டும். பிடியை ஒட்டி அலகைச் சுற்றியிருக்கும் கழுத்துப் பட்டையருகே மெல்லிய காகிதத்தையோ துணியையோ மடித்து, முதுகுப் பக்கமிருந்து அலகை இரண்டு விரலுக்கிடையே பற்றி, நுனியை நோக்கி ஒரே திசையில் துடைக்க வேண்டும். திரும்பி வரும் கை விரலை இழக்கும். பழைய எண்ணெய் போனதும் புது எண்ணெயை மூச்சுக்காற்று படிந்த கண்ணாடிபோல் மெல்லிசாகப் பூசினால் போதும். வழிந்தால் அது உறைக்குள் ஊறி அழுக்கைச் சேர்க்கும். ஜப்பானியர் பயன்படுத்துவது கிராம்பு மணக்கும் சோஜி எண்ணெய். இன்று விற்பது பெரும்பாலும் கனிம எண்ணெயில் சிறிது கிராம்பெண்ணெய் கலந்தது. நவீன நகலுக்குத் தையல் மிஷின் எண்ணெயே போதும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகித் தூசியைப் பிடித்துவைக்கும். அது சமையலறையிலேயே இருக்கட்டும். வெறும் விரல் பட்ட இடத்தை உடனே துடைக்காவிட்டால் வியர்வையின் உப்பு கைரேகையை அப்படியே துருவாக எழுதிவிடும்.

கேள்வி: பழைய வாளின் வாலில் துரு இருந்தால் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் கறுத்த துருதான் வாளின் பிறப்புச் சான்றிதழ். அதன் நிறத்தையும் திண்மையையும் வைத்தே வல்லுநர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள்; கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருப்பதும் அங்கேதான். ஒரு மாலை நேரத்து உப்புத்தாள் உற்சாகம் நானூறு ஆண்டுச் சாட்சியத்தை அழித்துவிடும். அலகில் துரு கண்டால் தொகிஷி எனப்படும் மெருகுக்காரரிடம் போக வேண்டும். அந்தத் தொழிலைக் கற்கவே பல ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி: எங்கே, எப்படி வைப்பது?

பதில்: தாங்கியில் படுக்கையாக, கூர்ப்பக்கம் மேலே பார்க்க, பிடி பார்ப்பவரின் இடப்பக்கம் வர. வலக்கையால் சட்டென்று உருவ முடியாத நிலை அது, சமாதானத்தின் அடையாளம். வெயில், குளியலறைச் சுவர், குழந்தையின் கையெட்டும் உயரம் மூன்றும் ஆகாது. தோல் உறையும் ஆகாது. பதனிட்ட தோலில் உள்ள அமிலம் இரும்பைத் தின்னும். மதிப்புள்ள அலகை ஜப்பானியர் அரக்கு பூசாத வெள்ளை மர உறையில் ஓய்வெடுக்க வைப்பார்கள். அந்த உறையின் இரு பாதிகளும் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டவை. உள்ளே அழுக்குச் சேர்ந்தால் மரம் உடையாமல் பிளந்து, துடைத்து, மறுபடி ஒட்டிவிடலாம்.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் மரபு முறையில் செய்த வாளுக்கு மட்டுமே பதிவுச் சான்று கிடைக்கும். தொழிற்சாலை எஃகில் செய்த வாளைப் பதிய முடியாது. நிஞ்சாவின் சொந்த ஊரிலேயே எஃகு நிஞ்சா வாளுக்கு இடமில்லை. அங்கே கிடைப்பது கூரில்லாத உலோகக் கலவை நகல். இங்கிலாந்தும் வேல்ஸும் 2025 ஆகஸ்ட் 1 முதல் நிஞ்சா வாள்களை வீட்டில் வைத்திருப்பதையே தடை செய்துவிட்டன. இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுள்ள வாள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க உரிமம் தேவை. வைத்திருப்பதற்கான விதி பகுதிக்குப் பகுதி மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஜப்பானிலிருந்து அசல் வாள் வாங்குகிறவர், அந்நாட்டுப் பண்பாட்டு விவகார முகமையின் ஏற்றுமதி அனுமதியை விற்பவர் வாங்கித் தருகிறாரா என்றும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.