ஓபி27-க்குப் பாடை கட்டிய பேராண்டிக்கு

வாடா பேராண்டி, அண்ணாமலை நகர்ல இன்ஜினியரிங் படிக்கிற மகராசா! தொட்டி நிரம்புனா மோட்டாரு தானா நிக்கும்னு பீத்திக்கிட்டியே, மோட்டாருக்கு முன்னால ஐசி நின்னுபோச்சாமே? 741 ஆப்-ஆம்ப் மலிவாக் கெடைக்குது, நம்ம கௌரவத்துக்குக் கொறச்சல்னு விலை ஒசந்த ஓபி27 வாங்குனியாக்கும்!

"சப்ளை ±12 வோல்ட்டு. ஒரு இன்புட் பின்னு 9 வோல்ட்டுல, இன்னொண்ணு கிரவுண்டுல. ரெண்டும் சப்ளைக்குள்ளதான தாத்தா இருக்கு"ங்கிற. இருக்குடா, யாரு இல்லேன்னா? நுகத்தடியில பூட்டுன சோடி மாட்டைப் பாத்திருக்கியா? மாடு எம்மாந்தூரம் போவலாங்கிறது ஒரு கணக்கு. ஒண்ணை விட்டு ஒண்ணு எவ்வளவு முந்தலாங்கிறது வேற கணக்கு. டேட்டாஷீட்ல 'டிஃபரன்ஷியல் இன்புட் வோல்டேஜ்'னு போட்டிருக்கானே, அது ரெண்டாவது கணக்கு. 741-க்கு ±30 வோல்ட்டு. சிஏ3140-க்கு ±8. உன் சீமான் ஓபி27-க்கு வெறும் ±0.7! நீ குடுத்தது 9.

உள்ள இருக்கிற இன்புட் டிரான்சிஸ்டரோட பேஸ்-எமிட்டர் சந்திப்புல தலைகீழா 7 வோல்ட்டு வாக்குல ஏறுனா உடைப்பு எடுத்துக்கும். உடனே செத்தாலும் தேவலை. சில சமயம் இரைச்சலும் பிழையும் கூடிப்போயி, உசுரோட இருந்துக்கிட்டே கழுத்தறுக்கும். 741-க்குள்ள லேட்டரல் பிஎன்பி டிரான்சிஸ்டர் நின்னு அந்த அடியை வாங்கிக்கிது. ஓபி27-ல அப்படி ஆளில்ல. அதான் ரெண்டு பின்னுக்கும் குறுக்கால டயோடை எதிரும் புதிருமா வெச்சிருக்கான். 0.7 தாண்டுனா டயோடு தொறந்துக்கும். 25 மில்லிஆம்பியர் வரைக்கும் பொறுக்கும். நீதான் கரண்டை அடக்க ரெசிஸ்டர் ஒண்ணு வெக்கக்கூட மனசு வராத கருமியாச்சே!

"லேப்ல ஆம்ப்ளிஃபயர் போட்டப்ப ஒண்ணும் ஆவலியே"ன்னு மொறைக்காத. அங்க ஃபீட்பேக் ரெண்டு பின்னையும் ஒட்டியே வெச்சிருக்கும். நீ இப்ப போட்டிருக்கிறது ரெண்டு வோல்ட்டேஜை ஒப்பிடுற கம்பேரேட்டர்; அதுல அந்தக் கட்டு கெடையாது, வித்தியாசம் மொத்தமா உள்ள எறங்கும்.

இதைக் கேட்டுட்டு 741-க்கு ஒரே பின்னுல 30 குடுத்துடாத, புண்ணியவானே! ±15 சப்ளையில ஒரு பின்னு +15, இன்னொண்ணு −15 இருந்தாத்தான் அந்த 30. சப்ளை கொறைஞ்சா இதுவும் கொறையும். அதுவும் உசுரு போவாத எல்லைதான், வேலை பாக்குற அளவு இல்ல.

சிதம்பரம் போறப்ப எல்எம்393 வாங்கியா. அது கம்பேரேட்டர்னே பொறந்தது, உன் 9 வோல்ட்டுக்கெல்லாம் அசராது. வெளியீடு ஓபன் கலெக்டர், புல்-அப் ரெசிஸ்டர் போடணும். அதை மறந்துட்டு "இதுவும் செத்துப்போச்சு தாத்தா"ன்னு வந்து நிக்காத.