கேள்வி கேட்க வைக்கும் அப்பா

யூதக் குடும்ப வாழ்க்கை பற்றி, குறிப்பாகக் கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தந்தையரைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தேனி வாசகர்: ஜெருசலேமில் இருக்கும் அப்பாவுக்கும் எங்கள் ஊர் அப்பாவுக்கும் பொதுவாக ஏதாவது உண்டா?

கூப்பிடும் சொல்லே ஏறக்குறைய பொதுதான். எபிரேயத்தில் தந்தை ‘அபா’. ‘பாபு’வில் வரும் ‘பா’வைப் போல உச்சரிக்க வேண்டும். அம்மா ‘ஈமா’. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடப்பதும் இரண்டு ஊரிலும் உண்டு.

திருச்சி வாசகி: பெற்ற பிள்ளையையே காசு கொடுத்து வாங்க வேண்டுமாமே?

உண்மைதான். நம் வீடுகளில் ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று பிள்ளையைச் சீண்டுவோம். அங்கே அது முறையான சடங்கு, பெயர் ‘பித்யோன் ஹாபென்’. தலைச்சன் ஆணாக இருந்து, சுகப்பிரசவத்தில் பிறந்திருந்தால், முப்பது நாள் முடிந்து முப்பத்தோராம் நாள் அந்தப் பிள்ளையை மீட்க வேண்டும். ஆரோனின் குருமரபில் வந்த ‘கோஹன்’ ஒருவரை அழைப்பார்கள். குழந்தையைத் தட்டில் கிடத்தி, பல வீடுகளில் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றி அதைச் சுற்றி வைப்பார்கள். அப்பா அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் கோஹன் முன் வைப்பார். பிள்ளை வேண்டுமா, ஐந்து வெள்ளிக் காசு வேண்டுமா என்று கோஹன் கேட்பார். காசைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வார் அப்பா.

பதில் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் உறவும் ஊரும் சூழ்ந்திருக்க, ‘எனக்குப் பிள்ளைதான் வேண்டும்’ என்று ஓர் இளைஞனை வாய்விட்டுச் சொல்ல வைக்கிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கோஹன், லேவி வழிவந்த குடும்பங்களுக்கு இந்தச் சடங்கு இல்லை.

சென்னை வாசகர் (ஐ.டி. துறை): வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை யூத அப்பா ஃபோனைத் தொடவே மாட்டாராமே! எப்படி முடிகிறது?

வெள்ளிக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனால், ‘இந்த மனிதருக்கு ஓய்வு எப்போது வரும்’ என்று நீங்களே ஏங்குவீர்கள். பெரும்பாலான ஊர்களில் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது விளக்கேற்றிவிட வேண்டும். ஜெருசலேமில் 40 நிமிடம். அதற்குள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடை மாற்ற வேண்டும். மின்விளக்குகளுக்கு டைமர் வைக்க வேண்டும். வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளில் சமைக்கக் கூடாது என்பதால், பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, கறி போட்ட ‘சோலன்ட்’ சட்டியை முன்கூட்டியே சூட்டில் ஏற்றிவிட வேண்டும். மறுநாள் மதியம் வரை அது மெல்ல வெந்துகொண்டிருக்கும். ஜெருசலேமில் ஊருக்கே கேட்கும்படி சங்கு ஊதுவார்கள். அத்தோடு ஃபோன், கார், அடுப்பு எதையும் தொடுவதில்லை. மறுநாள் இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம்.

அந்த நேரம் யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொழுகைக்கூடத்திலிருந்து திரும்பியதும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, தலையில் கை வைத்து ஆசி கூறுகிறார். மகள் என்றால் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல ஆகட்டும் என்று. மகன் என்றால் எப்பிராயீம், மனாசே போல. ஆபிரகாமையும் மோசேயையும் விட்டுவிட்டு யோசேப்பின் இரண்டு மகன்களை ஏன் சொல்கிறார்கள்? அதற்கு யூதர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று இது: ஆதியாகமத்தில் காயீனும் ஆபேலும் தொடங்கி அண்ணன் தம்பிகள் மோதிக்கொண்டே வருகிறார்கள், தம்பிக்கு முதலிடம் கொடுத்தபோதும் சண்டை போடாத முதல் சகோதரர்கள் இந்த இருவர்தான். இரண்டு பையன்கள் இருக்கும் வீட்டில் வேறென்ன வரம் வேண்டும்?

மதுரை வாசகி: அந்த ஓய்வுநாளில் நடுராத்திரி குழந்தைக்கு மூச்சுத் திணறினால்?

ஃபோனை எடுக்கலாம், காரை எடுக்கலாம். எடுக்கலாம் என்ன, எடுத்தே ஆகவேண்டும். உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் வந்தாலே போதும், ஓய்வுநாள் விதி விலகிக்கொள்ளும். அந்த வேளையில் மதகுருவான ரப்பியிடம் கேட்டுவரலாம் என்று தாமதிப்பதைத்தான் யூதச் சட்டம் கண்டிக்கிறது.

பாளையங்கோட்டை வாசகர்: ஒரு கம்பிக்குள் ஊரையே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். புரியவில்லை.

இளம் பெற்றோருக்கென்றே செய்தது போன்ற ஏற்பாடு அது. ஓய்வுநாளில் வீட்டிலிருந்து பொதுத் தெருவுக்கு எதையும் சுமந்து போகக் கூடாது. இந்த விதி கைக்குழந்தைக்கும் பொருந்தும், குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டிக்கும் பொருந்தும். அப்படியானால் குழந்தை நடக்கும்வரை பெற்றவர்களில் ஒருவர் சனிக்கிழமைதோறும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். இதற்கு ரப்பிகள் கண்ட வழி ‘எருவ்’. கம்பங்களுக்கு இடையே கம்பி இழுத்து, ஒரு பகுதி முழுவதையும் ஒரே வளாகமாகக் கொள்வது. கம்பிக்கு உள்ளே எல்லாம் ஒரே முற்றம். முற்றத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகத் தடையில்லை. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் பெரும்பகுதி இப்படிப்பட்ட வளையத்துக்குள் இருக்கிறது. கம்பி அறுந்தால் வளையம் செல்லாது என்பதால் வாரந்தோறும் ஓய்வுநாளுக்கு முன்பே சுற்றிப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். பிள்ளைவண்டி தள்ளும் அப்பாக்கள் வெள்ளிக்கிழமை அந்தச் செய்திக்குத்தான் காத்திருப்பார்கள்.

காரைக்குடி வாசகி: யூத அப்பா வீட்டு விருந்துக்குப் போனால் கடைசியில் பால் பாயசம் கிடைக்குமா?

கறி விருந்தென்றால் கிடைக்காது. கறியும் பாலும் ஒரே வேளையில் சேரக் கூடாது, பாத்திரங்களும் தனித்தனி. கறி தின்றபின் பாலுக்குக் காத்திருப்பது பலருக்கு ஆறு மணி நேரம், ஜெர்மானிய யூத மரபில் மூன்று, ஹாலந்து மரபில் ஒன்று. பூச்சி விலக்கப்பட்டது என்பதால், கீரையை வெளிச்சத்தில் பிடித்து இலை இலையாகப் பார்ப்பார்கள். கீரை ஆய்கிற விஷயத்தில் அவரும் நீங்களும் மணிக்கணக்கில் பேசலாம். மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூப் பக்கம் இருக்கும் இந்தியச் சைவ உணவகங்கள் சில, யூத உணவு விதிக்கு உட்பட்டவை என்னும் கோஷர் சான்று பெற்றவை. பிள்ளைகளோடு யூதக் குடும்பங்கள் அங்கே தோசை சாப்பிடுகின்றன.

ஈரோடு வாசகர்: பிள்ளைக்கு அப்பா என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் நூலில் பட்டியல் இருக்கிறதா?

இருக்கிறது. யூதச் சட்ட நூலான தால்முடின் கிட்டுஷின் என்னும் பகுதியில். மகனுக்கு விருத்தசேதனம் செய்வது, தலைச்சனை மீட்பது, வேதமான தோராவைக் கற்பிப்பது, மணம் முடிப்பது, தொழில் கற்றுத் தருவது. தொழில் கற்றுத் தராத தந்தை மகனைத் திருட்டுக்கு அனுப்பியவனாகவே ஆகிறான் என்பது யெஹுதா ரப்பியின் கருத்து. இத்தோடு இன்னொரு கடமையையும் சில ஆசிரியர்கள் சேர்த்தார்கள். நீச்சல்! காரணம், பிள்ளையின் உயிர் ஒருநாள் அதை நம்பி இருக்கலாம். ஆயிரத்தைந்நூறு ஆண்டு பழைய நூலில் இதைப் படித்த அன்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குளமும் கிணறும் ஆறும் சூழ்ந்த நம் ஊர்களில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் எத்தனை பிள்ளைகளை இழக்கிறோம்! ஈரோட்டுக்காரர் நீங்கள், காவிரிக் கரையில் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?

கோவை வாசகர்: பொழுதுபோக்கு?

ஆளுக்கு ஒன்று. கூடைப்பந்து, கிதார், சமையல், செஸ். 2012இல் மாஸ்கோவில் உலகப் பட்டத்துக்கு நம் விஸ்வநாதன் ஆனந்தை எதிர்த்து ஆடினாரே போரிஸ் கெல்ஃபான்ட், அவர் மின்ஸ்கில் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய யூதர். பன்னிரண்டு ஆட்டம் முடிந்தும் ஆறுக்கு ஆறு. பிறகு ரேபிட் ஆட்டங்களில் ஆனந்த் வென்றார். கெல்ஃபான்டின் அப்பா மகனின் சிறுவயதிலிருந்தே அவர் வாழ்க்கையை ஆல்பம் ஆல்பமாகத் தொகுத்து வைத்திருந்தார். ‘ஆல்பம் 61’ என்று அதைப் பற்றி ஆவணப்படமே இருக்கிறது.

பக்தியுள்ள இளைஞர்கள் பலருக்கு இன்னொரு ஈடுபாடும் உண்டு: நாளுக்கு ஒரு தாள் தால்முட். 1923இல் மேயிர் ஷபீரோ ரப்பி தொடங்கி வைத்த வழக்கம். மொத்தம் 2,711 தாள், முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டு. இப்போது நடக்கும் சுற்று 2020 ஜனவரி 5 அன்று தொடங்கியது, 2027இல் முடிகிறது. தொடங்கிய அன்று மடியில் கிடந்த குழந்தை, முடிகிறபோது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசிக்கும்.

வேலூர் வாசகி: எல்லா யூத அப்பாக்களும் இவ்வளவு கண்டிப்பா?

இல்லை. சனிக்கிழமை பிள்ளைகளோடு டெல் அவிவ் கடற்கரைக்குக் காரில் போகிறவர் ஏராளம். வெள்ளி இரவுச் சாப்பாட்டை மட்டும் விடாதவர்களும் உண்டு.

நாகர்கோவில் வாசகர்: யூத அப்பாவுக்கு எதில் பயம்?

பிள்ளையை வழிபாட்டுக்கு அழைத்துப் போவதிலேயே பயம். 2018 அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமைக் காலை, பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் நுழைந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். ஐரோப்பாவில் பல தொழுகைக்கூடங்களின் வாசலில் காவல் நிற்கிறது. ‘இங்கே ஏன் போலீஸ் மாமா நிற்கிறார்?’ என்று கேட்கும் நான்கு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. உங்கள் ஊருக்கு வடக்கே, கொச்சி மட்டாஞ்சேரியில், அரண்மனைக்குப் பக்கத்திலேயே 1568இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதர்கள் 1950களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போனார்கள். நெகெவ் பாலைவனத்தில் நெவாடிம் என்ற ஊரில் குடியேறியவர்கள் கொச்சிக்காரர்கள். உள்ளூர் மன்னன் நிலம் கொடுத்துக் காத்த கதையை அந்தப் பாட்டன்மார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது.

கும்பகோணம் வாசகி: என் மகன் ஓயாமல் கேள்வி கேட்கிறான். யூதக் குடும்பத்தில் என்ன செய்வார்கள்?

விருந்தே வைப்பார்கள். பாஸ்கா இரவில், எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையைத் தொடங்க வேண்டுமென்றால், வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து நான்கு கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்பார். தனியாளாக இருந்தால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கதையைக் கரைத்துக் குடித்த பண்டிதர் இருவர் உட்கார்ந்தாலும், ஒருவரை ஒருவர் கேட்டே ஆகவேண்டும். பிள்ளைகள் தூங்கிவிடக் கூடாதென்று ரப்பி அக்கிவா பொரித்த தானியமும் கொட்டைப் பருப்பும் பகிர்ந்து கொடுப்பாராம். இன்றைய அப்பா புளிக்காத ரொட்டியில் ஒரு துண்டை ஒளித்து வைத்துத் தேடவிடுகிறார், கண்டுபிடித்தால் பரிசு.

அந்த இரவில் நான்கு விதப் பிள்ளைகளைப் பற்றி வாசிப்பார்கள்: அறிவாளி, முரண்டுபிடிப்பவன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். நான்காமவனைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. அவனுக்காக அப்பாதான் முதலில் வாய் திறக்க வேண்டும் என்பது விதி.

உங்கள் மகன் முதல் மூவரில் ஒருவன். எந்தக் கேள்வியையும் தள்ளிவிடாதீர்கள். அடுத்த இதழில் பெரியவர்களின் கேள்விகளுக்கு இடமில்லை. வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டு நீங்கள் பதில் சொல்ல முடியாமல் நின்ற கேள்விகளை அனுப்புங்கள். பிள்ளையின் வயதையும் சேர்த்து எழுதுங்கள்.